சுவாமி கொஞ்சம் நகர்ந்து கொடுக்க மாட்டாரா?

நம் அலுவலகத்துக்கு வரும் கடிதங்களில் வீட்டைப் பற்றிய கேள்விகளுக்குக் குறைவே இருக்காது. பூஜையறை எந்த மூலையில் இருக்க வேண்டும்? சமையலறையில் சுவாமி படம் மாட்டலாமா? பாத்ரூம் சுவருக்கு இந்தப் பக்கம் சுவாமி அலமாரி இருந்தால் தோஷமா? இவற்றுக்கெல்லாம் சாஸ்திரம் அறிந்த பெரியவர்களிடம் கேட்டுப் பதில் வாங்கிப் போடுகிறோம்.

சமீபத்தில் வந்த ஒரு கடிதம் அந்த ரகம் இல்லை. எழுதியவர் சென்னையில் ஃபிளாட்டில் வசிக்கும் ஒரு சகோதரி. கணவர், கல்லூரியில் படிக்கும் மகன், எண்பதைத் தாண்டிய மாமியார். இரண்டு படுக்கையறை, கூடவே கிழக்குப் பார்த்த ஒரு சின்ன அறை. குடிவந்த நாளிலிருந்து அந்தச் சின்ன அறைதான் பூஜையறை. மாமியார் ஹாலில் திவானில் படுத்துக்கொள்வார். வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்து, ஆபரேஷன் முடிந்து, வாக்கரோடு வீட்டுக்கு வந்திருக்கிறார். இனி ராத்திரி இரண்டு தடவை எழுந்து ஹாலைக் கடந்து நடப்பது நடக்காத காரியம். மகனும் மருமகளும் தங்கள் அறையையே கொடுத்துப் பார்த்தார்கள். அதன் பாத்ரூம் வாசலில் வாக்கர் நுழையவில்லை. பொது பாத்ரூமுக்குப் பக்கத்தில், நாலே எட்டில் இருப்பது பூஜையறைதான்.

அதைப் பாட்டிக்குக் கொடுத்துவிட்டு, சுவாமியை ஹால் அலமாரிக்குக் கொண்டுவரலாம் என்பது மருமகளின் யோசனை. "இத்தனை வருஷமா விளக்கேத்தின இடம்..." என்று இழுத்திருக்கிறார் கணவர். "ஈசானிய மூலையைத் தொடாதீங்க" என்று வாஸ்து பார்க்கும் ஒருவர் பயமுறுத்தியிருக்கிறார். பெரிய தடை யார் தெரியுமா? பாட்டியேதான்! "சுவாமியை எழுப்பிவிட்டுட்டு அந்த இடத்துல நான் கட்டையைச் சாய்க்கிறதா? வேண்டாம்மா. என்னை ஹால்லயே விட்டுடு."

'இது சாஸ்திரப்படி சரியா?' என்று அந்தச் சகோதரி கேட்கவில்லை. 'இது நியாயமா?' என்று கேட்டிருந்தார். அந்த ஒரு வார்த்தை என்னைப் பல நாள் விடவில்லை. திசைக்குப் பதில் சொல்ல நூல்கள் இருக்கின்றன. நியாயத்துக்கு நாம்தான் யோசிக்க வேண்டும்.

இடைகழியில் நாலு பேர்

தென்பெண்ணைக் கரையில் உள்ள திருக்கோவிலூர் கதை உங்களுக்குத் தெரிந்ததுதான். மழை கொட்டும் இருட்டில் பொய்கையாழ்வார் ஒரு வீட்டு இடைகழியில் ஒதுங்குகிறார். இடைகழி என்பது வாசல் கதவுக்கும் உள்வீட்டுக்கும் நடுவே உள்ள நடை. தஞ்சாவூர்ப் பக்கம் ரேழி என்பார்கள். அவர் படுத்திருக்கும்போது பூதத்தாழ்வார் வந்து சேர்கிறார். ஒருவர் படுக்கிற இடத்தில் இருவர் உட்காரலாம் என்று எழுந்து உட்காருகிறார். அடுத்துப் பேயாழ்வார். இருவர் உட்காரும் இடத்தில் மூவர் நிற்கலாமே என்று எழுந்து நிற்கிறார்கள். அப்போது நாலாவதாக யாரோ வந்து நெருக்குகிறார். மூன்றடியால் உலகத்தையே அளந்தவர், மூன்று பேர் நிற்கவே போதாத ஒரு நடையில் வந்து இடித்துக்கொண்டு நிற்கிறார்!

இந்தக் கதையைச் சொல்லும்போதெல்லாம் நாம் நாலாமவரைப் பற்றியே பேசுகிறோம். எனக்கு மனதில் நிற்பது, படுத்திருந்தவர் எழுந்து உட்கார்ந்த அந்தக் கணம். 'நான்தான் முதலில் வந்தேன்' என்று அவர் சொல்லவில்லை. ஒருவருக்கொருவர் இடம் விட்டுக்கொடுத்த பிறகுதான் பெருமாள் அங்கே வந்தார்.

'அவர் தாமாக வந்தார். நாம் சுவாமியை எழுப்பி அனுப்புவது வேறு விஷயம் ஆயிற்றே' என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால், சுவாமி இடம் மாறுவது நம் கோயில்களுக்குப் புதிது இல்லை. திருப்பணி தொடங்கினால் பாலாலயம் செய்கிறோம். கர்ப்பகிரகத்து மூர்த்தியின் சாந்நித்தியத்தை வேறிடத்தில் எழுந்தருளச் செய்துவிட்டுத்தான் கொத்தனார் உள்ளே போகிறார். அதுகூடத் தற்காலிகம் என்று வைத்துக்கொள்ளுங்கள். உற்சவரை எடுத்துக்கொள்வோம். வீதியுலா எதற்கு? கோயிலுக்கு வர முடியாத முதியவரும் நோயாளியும் தங்கள் வாசலிலேயே கும்பிட வேண்டும் என்றுதானே, தோளில் சுமந்து வீதிவீதியாக அழைத்துப் போகிறோம்? முடியாதவர்களுக்காக அவர் நாலு வீதியைச் சுற்றி வருவார். ஒரு பாட்டிக்காக ஒரு சுவரைத் தாண்டி ஹாலுக்கு வர மாட்டாரா?

திசை விஷயத்தில் எனக்கு ஒரு சந்தேகம் எப்போதும் உண்டு. மயமதம், மானசாரம் போன்ற சிற்ப நூல்கள் காலி மனையிலிருந்து ஆரம்பிக்கின்றன. மண்ணின் நிறம் என்ன, மணம் என்ன, தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்கே வருகின்றன. நம் ஃபிளாட்டில் அந்தச் சுதந்திரம் ஏது? ஒரே மாடியில் எதிரும் புதிருமாக இரண்டு வீடு. வரைபடம் ஒன்றுதான்; கண்ணாடியில் பார்ப்பது போலத் திருப்பிப் போட்டிருப்பார்கள். இந்த வீட்டில் தென்கிழக்கில் அமைந்த அடுப்பு, எதிர்வீட்டில் தென்மேற்கில் போய் உட்கார்ந்திருக்கும். இரண்டு வீட்டிலும் பொங்கலுக்குப் பால் பொங்கத்தான் செய்கிறது. முடிந்த இடத்தில் சாஸ்திரத்தை அனுசரிப்போம். முடியாத இடத்தில் பயந்து சாக வேண்டுமா என்பதுதான் என் கேள்வி.

யாருக்கு வசதி?

'அந்தக் காலத்து வீடு மாதிரி வருமா!' என்று பெருமூச்சு விடாதவர்கள் நம்மில் யார்? சென்னையை அடுத்த முட்டுக்காட்டில் 1996-ல் திறக்கப்பட்ட தட்சிண சித்ராவில் பழைய வீடுகளைப் பிரித்துக் கொண்டுவந்து மறுபடி நிறுத்தியிருக்கிறார்கள். அக்ரஹார வீடு, செட்டிநாட்டு வீடு என்று ஒவ்வொன்றாக நுழைந்து பார்க்கலாம். திண்ணை, ரேழி, கூடம், முற்றம் என்று கால் தானாக உள்ளே இழுத்துக்கொண்டு போகும். நடு முற்றத்தில் வெளிச்சம் அருவி மாதிரி கொட்டும். வீட்டின் நடுவை யாரும் அடைத்துக்கொள்ளக் கூடாது, அது பிரம்மஸ்தானம் என்று விட்டுவைத்தார்கள். வெயில், மழை, காற்று எல்லாம் வீட்டுக்குள் வந்து போக அதுவே வழி. வசதியும் சாஸ்திரமும் கைகோத்து நின்ற இடம் அது.

ஆனால், இன்னும் கொஞ்சம் உள்ளே போங்கள். பழைய வீடு பலவற்றில் அடுக்களை எங்கே இருந்தது? கடைசிக் கட்டில். ஒரு சின்ன ஜன்னல், புகை போக ஓட்டில் ஒரு திறப்பு, தரையோடு தரையாக விறகடுப்பு. கூடத்து ஊஞ்சலில் காற்று வாங்கியவருக்கு ஒரு வீடு; ஊதுகுழலால் ஊதி ஊதிக் கண் சிவந்தவளுக்கு வேறொரு வீடு. கிணறு ஒரு கோடியில், அடுப்பு ஒரு கோடியில் என்றால், அந்த வழியெல்லாம் குடத்தோடு நடந்தது யார்? கணவனை இழந்த அத்தைக்கு எந்த மூலை கிடைத்தது? மூன்று நாள் ஒதுங்கியவளுக்கு எந்தக் கொட்டகை? திண்ணை வழிப்போக்கனுக்கு என்று பெருமையாகச் சொல்கிறோம். எந்த வழிப்போக்கன் ஏறலாம், எவன் தெருவிலேயே நின்று பேச வேண்டும் என்பதும் அந்தத் திண்ணைக்குத் தெரியும். அழகான வீடுதான். அதில் யாருடைய கால் வலியும் யாருடைய மனவலியும் கணக்கில் வரவில்லை என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

வீட்டின் வரைபடம் என்பது வெறும் கோடுகள் இல்லை என்று எனக்குத் தோன்றுவது இதனால்தான். இந்த வீட்டில் யாருக்கு எவ்வளவு மரியாதை என்று எழுதிவைத்த கணக்கு அது.

இன்றைய கணக்கு மட்டும் நேராக இருக்கிறதா? மத்திய அரசு 2019-ல் எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, வீட்டு வேலை செய்கிற பெண்கள் ஒரு நாளைக்குச் சராசரியாக 299 நிமிடம் அதில் செலவிடுகிறார்கள். ஏறத்தாழ ஐந்து மணி நேரம்! வீட்டு வேலை செய்கிற ஆண்களுக்கு அது 97 நிமிடம். ஐந்து மணி நேரத்தில் பெரும்பங்கு எங்கே கழிகிறது என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. தேசியக் கட்டட விதித் தொகுப்பு, வசிக்கும் அறை குறைந்தது 9.5 சதுர மீட்டர் இருக்க வேண்டும் என்கிறது. சமையலறைக்கு 5 சதுர மீட்டர் போதும். பில்டர் அந்தக் குறைந்தபட்சத்தையே வேதவாக்காக எடுத்துக்கொள்கிறார். விருந்தாளி மாதத்துக்கு இரண்டு முறை வந்து உட்காரும் ஹாலுக்குத்தான் பெரிய ஜன்னல், இத்தாலி மார்பிள், தொங்கும் விளக்கு எல்லாம். தினமும் ஐந்து மணி நேரம் நிற்கிறவளுக்கு, டக்ட்டைப் பார்த்த ஒரு ஜன்னல்.

இதை ஒரு கேள்வியாக எடுத்துக்கொண்டு உட்கார்ந்து யோசித்தவர்கள் வெளிநாட்டில் நூறு வருடத்துக்கு முன்பே இருந்தார்கள். ஜெர்மனியில் ஃபிராங்க்ஃபர்ட் நகரம் 1920-களில் தொழிலாளர்களுக்காக வீடுகள் கட்டியபோது, மார்கரெட்டே ஷூட்டே-லிஹோட்ஸ்கி என்ற பெண் கட்டடக் கலைஞர் 1926-ல் ஒரு சமையலறையை வடிவமைத்தார். 1.9 மீட்டர் அகலம், 3.4 மீட்டர் நீளம். ரயில் உணவுப் பெட்டியின் சமையலறையை மாதிரியாக வைத்துக்கொண்டு, எட்டிய கைக்கு எல்லாம் கிடைக்கும்படி அமைத்தார். ஏறக்குறைய பத்தாயிரம் வீடுகளில் அது இடம்பெற்றது. (அந்த அம்மாளுக்கு அதுவரை சமைத்த அனுபவமே இல்லையாம். அவரே பிற்காலத்தில் சொன்னது!) நடை மிச்சம், நேரம் மிச்சம். ஆனால், ஒரே ஆள்தான் உள்ளே நிற்க முடியும். குழந்தை ஓரமாக உட்கார்ந்து படிக்கவோ, கணவர் வந்து காய் நறுக்கவோ இடமில்லை. வேலை சுலபமானது, வேலை செய்தவள் தனியாளானாள். வசதி என்று நாம் கேட்டு வாங்கும்போது எதைக் கொடுத்துவிட்டு வாங்குகிறோம் என்றும் பார்க்க வேண்டும் என்பதற்காகத்தான் இதைச் சொல்கிறேன். கிச்சனுக்குக் கதவு வேண்டுமா, திறந்த கிச்சனா என்று இப்போது கேட்கும்போதும் அதே கேள்விதான் வேறு உருவத்தில் வருகிறது. தாளிக்கும் நெடி ஹாலுக்கு வரக் கூடாது என்று கதவு போட்டால், ஹாலில் நடக்கும் சிரிப்பும் உள்ளே வராது.

'எனக்கு இந்த வசதி வேண்டும்' என்று கேட்க நம்மில் பலருக்கு வாய் வருவதில்லை. கேட்டால் சுயநலம் என்று ஆகிவிடுமோ என்ற கூச்சம். தமிழ் படித்தவள் என்பதால் எனக்குத் திருவள்ளுவர்தான் துணைக்கு வருகிறார். இல்வாழ்க்கை அதிகாரத்தில், இல்லறத்தார் பேண வேண்டிய ஐந்தை அடுக்குகிறார். மறைந்த முன்னோர், தெய்வம், விருந்தினர், சுற்றத்தார்... ஐந்தாவதாகத் தன்னையும் சேர்க்கிறார்! கடைசியில்தான் வைத்தார், ஆனால் விட்டுவிடவில்லை. உரை எழுதிய பரிமேலழகர், தான் இருந்தால்தானே எல்லா அறமும் செய்ய முடியும், அதனால் தன்னைக் காப்பதும் அறமே என்று விளக்குகிறார். இடுப்பு வலியோடு நைவேத்தியம் செய்கிறவள் மேடை உயரத்தை மாற்றச் சொன்னால், அது இந்த ஐந்தாவது கணக்கில் சேரும்.

மேடை உயரம் என்றதும் ஒரு விஷயம். மேஸ்திரி எல்லோர் வீட்டுக்கும் ஒரே உயரத்தில்தான் மேடை போடுவார். நீங்கள் நின்று, கையை மடித்து, முழங்கை எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று அளந்து பாருங்கள். அதற்கு நாலு முதல் ஆறு அங்குலம் கீழே மேடை இருந்தால் தோளும் முதுகும் தாங்கும். வெட் கிரைண்டருக்கு அதைவிடத் தாழ்வான தனித் திட்டு இருப்பது நல்லது. கல்லைத் தூக்கிக் கழுவுகிறவர்களுக்குத்தான் அந்த அருமை தெரியும். அமெரிக்காவில் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் 1940-களில் ஆராய்ந்து, அடுப்பு, ஸிங்க், ஃபிரிட்ஜ் மூன்றையும் கோடிட்டு இணைத்தால் வரும் முக்கோணத்தைக் கவனிக்கச் சொன்னார்கள். மூன்று பக்கமும் சேர்ந்து 13 அடிக்குக் குறையாமலும் 26 அடிக்கு மிகாமலும் இருப்பது நல்லது என்பது இன்று வரை வழங்கிவரும் கணக்கு. நம் வீடுகளில் இடப் பற்றாக்குறையால் ஃபிரிட்ஜ் ஹாலுக்குப் போய்விடுகிறது. கொத்தமல்லித் தழைக்கு ஒரு நடை, தயிருக்கு ஒரு நடை.

எல்லாச் சிரமமும் சிரமமா?

இவ்வளவு சொன்ன பிறகு, எதிர்ப்பக்கத்தையும் சொல்லிவிட வேண்டும். வசதி ஒன்றே அளவுகோல் என்று ஆகிவிட்டால் வீட்டிலிருந்து சில விஷயங்கள் சத்தமில்லாமல் வெளியேறிவிடும்.

வாசலில் குனிந்து கோலம் போடுவது சிரமம்தான், ஸ்டிக்கர் ஒட்டிவிடலாம். விளக்குக்கு எண்ணெய் விட்டுத் திரி போடுவது சிரமம்தான். பல்பு விளக்கு விற்கிறது. கொலுவுக்குப் பரணிலிருந்து பொம்மைகளை இறக்கி, ஒன்பது நாளைக்கு ஹாலை அடைத்துப் படி கட்டுவது எவ்வளவு அசௌகரியம்! சோபாவை எங்கே தள்ளுவது என்று வருடா வருடம் சண்டை வரும். ஆனாலும் அந்த ஒன்பது நாளும், மற்ற நாளில் மூடியே இருக்கும் கதவு திறந்து கிடக்கிறது. எதிர்வீட்டுக் குழந்தை செருப்பை உதறிவிட்டு ஓடி வருகிறது. இந்தச் சிரமத்தை நாமே விரும்பி ஏற்றுக்கொள்கிறோம். முடிந்தவர்கள் முடிந்த அளவு செய்கிறோம். இடுப்பு முறிந்த பாட்டி ராத்திரி ஹாலைக் கடக்கும் சிரமம் அவர் விரும்பி ஏற்றது இல்லை. வீட்டின் அமைப்பு அவர் மேல் சுமத்தியது.

இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்தால் பாதி குழப்பம் தீரும் என்று நினைக்கிறேன். நான் என் பக்திக்காக நோன்பிருக்கலாம். என் பக்திக்காக வீட்டில் இன்னொருவர் முழங்கால் நோக வேண்டும் என்று நான் எப்படிச் சொல்ல முடியும்?

வாசற்படியையே எடுத்துக்கொள்ளுங்கள். நிலைப்படியில் மகாலட்சுமி வாசம் செய்கிறாள் என்று மஞ்சள் பூசிக் குங்குமம் வைக்கிறோம். உள்ளும் இல்லாமல் வெளியும் இல்லாமல் நரசிம்மர் நின்ற இடமும் வாசற்படிதான். அந்தப் படியை இடித்துத் தள்ள யாருக்கும் மனம் வராது, வரவும் வேண்டாம். வாக்கரோ சக்கர நாற்காலியோ ஏறி இறங்க, இரண்டு பக்கமும் எடுத்து வைக்கக்கூடிய மரச் சரிவுப் பலகையைத் தச்சரிடம் சொன்னால் செய்து கொடுப்பார். படியும் இருக்கும், பாட்டியும் வெளியே வந்து காற்று வாங்கலாம்.

இந்த மாதிரி மாற்றங்களை முதலில் மனதுக்குள் கட்டிப் பார்த்துவிட வேண்டும். அதற்குப் பூசலார் நாயனாரை விடச் சிறந்த வழிகாட்டி யார்? சென்னையிலிருந்து திருவள்ளூர் போகும் ரயில் பாதையில் இருக்கும் திருநின்றவூரில், கையில் காசில்லாமல் மனதிலேயே கோயில் கட்டியவர். காஞ்சியில் பல்லவ மன்னன் கற்கோயில் கட்டிக் கும்பாபிஷேகத்துக்கு நாள் குறித்தபோது, 'நாளைக்குப் பூசலார் கோயிலுக்குப் போகிறேன், வேறு நாள் வைத்துக்கொள்' என்று ஈசன் கனவில் சொன்ன கதை நமக்குத் தெரியும். பெரியபுராணத்தில் சேக்கிழார் சொல்லும் ஒரு நுணுக்கத்தைக் கவனித்திருக்கிறீர்களா? அடித்தளம் முதல் சிகரம் வரை கட்டி முடித்த பூசலார், அந்த மனக்கோயிலுக்குக் கிணறு தோண்டுகிறார், குளமும் வெட்டுகிறார்! கற்பனைக் கோயிலில் யாருக்குத் தண்ணீர் தாகம் எடுக்கப் போகிறது? ஆனாலும் அவருக்கு மனம் கேட்கவில்லை. கோயில் என்றால் வருகிறவர்களுக்குத் தண்ணீர் வேண்டும்.

கடிதம் எழுதிய சகோதரிக்கு நான் திருக்கோவிலூர்க் கதையைத்தான் பதிலாக எழுதினேன். சில வாரம் கழித்துப் போனில் பேசினோம். ஒரு நல்ல நாளில் விளக்கேற்றிப் பிரார்த்தனை செய்துகொண்டு, சுவாமியை ஹாலின் கிழக்குச் சுவர் அலமாரிக்கு எழுந்தருளச் செய்துவிட்டார்கள். அலமாரிக்குச் சின்ன மணிகள் கோத்த கதவு. பாட்டியின் கட்டிலை, அறைக் கதவு திறந்திருந்தால் படுத்தபடியே விளக்கு தெரியும்படி போட்டிருக்கிறார்கள். பாத்ரூம் கதவை வெளிப்பக்கம் திறக்கும்படி மாற்றிவிட்டார்கள். இது நிறையப் பேருக்குத் தோன்றுவதில்லை. உள்ளே விழுந்தவரே கதவுக்கு முட்டுக்கொடுத்த மாதிரி கிடந்தால், உள்பக்கம் திறக்கும் கதவை வெளியிலிருந்து தள்ளித் திறக்க முடியாது. கமோடுக்குப் பக்கத்துச் சுவரில் பிடித்து எழுந்திருக்க ஒரு கம்பி, வழுக்காத சொரசொரப்பான டைல்ஸ், கட்டிலிலிருந்து கைக்கு எட்டும் ஸ்விட்சு, ராத்திரி முழுக்க எரியும் சின்ன விளக்கு. செலவு அவர் பயந்த அளவு ஆகவில்லையாம்.

"அத்தை சமாதானம் ஆயிட்டாங்களா?" என்று கேட்டேன்.

"எங்கேங்க... தினம் ராத்திரி படுக்கறதுக்கு முன்னாடி அலமாரியைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டு, 'உன் இடத்தைப் பிடிச்சுக்கிட்டேன், மன்னிச்சுக்கோ'ன்னு சொல்றாங்க. நான் செஞ்சது சரின்னு எனக்குத் தெரியுது. ஆனா அதைக் கேக்கறப்போ தொண்டையை அடைக்குது."

இதற்கு என்னிடம் பதில் இல்லை. நியாயமான ஒன்றைச் செய்தாலும் அதற்கு இப்படி ஒரு விலை இருக்கலாம். அந்தப் பாட்டி மன்னிப்புக் கேட்பதை நிறுத்த வேண்டும் என்றுகூட எனக்குத் தோன்றவில்லை. அது அவருக்கும் சுவாமிக்கும் உள்ள பேச்சு. அவர் நடுராத்திரியில் விழாமல் இருப்பது நம் பொறுப்பு.

வீட்டைத் திருத்தி அமைக்கும்போது யார் யாரைக் கணக்கில் எடுக்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டே வந்தேன். சமைக்கிறவர், முடியாதவர், குழந்தைகள், விருந்தாளி... இன்னும் ஒருவர் இருக்கிறார். காலையில் வந்து பாத்திரம் தேய்த்து, வீடு துடைத்துவிட்டுப் போகும் அம்மா. அவர் கொண்டுவரும் பை எங்கே இருக்கிறது என்று பாருங்கள். பெரும்பாலும் செருப்பு ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் தரையில் கிடக்கும். நாலு வீட்டு வேலை முடித்துவிட்டு வருகிறவர் ஐந்து நிமிடம் எங்கே உட்காருவார்? காபி கொடுத்தால் எங்கே வைத்துக் குடிப்பார்? அவசரத்துக்கு எந்த பாத்ரூமுக்குப் போவார்? நம்மில் பலர் அந்தக் கடைசிக் கேள்வியைக் கேட்டுக்கொண்டதே இல்லை. அந்தக் காலத்துக் கொல்லைப்புறத்தை நாம் கைவிட்டுவிட்டோம் என்று நினைக்கிறோம். ஃபிளாட்டுக்குள் அதை மடித்து எடுத்துக்கொண்டு வந்திருக்கிறோம்.

அடுக்களை வாசலில், எட்டும் உயரத்தில் பை மாட்ட ஒரு கொக்கி. சர்வீஸ் பால்கனி நிழலில் முதுகு சாய்த்து உட்கார ஒரு முக்காலி. பாத்ரூம் கதவில் அவரும் போட்டுக்கொள்ள, ஒழுங்காக விழும் ஒரு தாழ்ப்பாள். தச்சர் அலமாரி வேலைக்கு வந்திருக்கும்போதே சொல்லிவிட்டால் ஒரு மணி நேரத்தில் முடித்துவிடுவார்.